உப்பு ஆபீஸும் தாத்தாவின் விளையும்

எங்கள் பக்கத்தில் வயல் என்ற சொல்லுக்கு வேலை குறைவு. அது ஆற்றங்கரைக்காரர்களின் சொல். தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் உள்ளவர்களுக்கு வயல் உண்டு, வாழை உண்டு, வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே இறங்கிவிட்டால் எல்லாம் விளைதான். திசையன்விளை, இடைச்சிவிளை என்று ஊரின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்கே செம்மணல் தேரி, கிழக்கே கடல், நடுவில் பனை நிற்கும் மணல் காடு. அந்தக் காட்டில் நாலு பக்கமும் உடைமுள் அடைத்து, இது என்னுடையது என்று ஒருவன் சொன்னால் அது விளை.

தாத்தாவுக்குக் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே அப்படி ஒரு விளை இருந்தது. நாலரை ஏக்கர். நெல்லும் இல்லை, பருத்தியும் இல்லை. பனை, ஓரத்தில் கொஞ்சம் முருங்கை, மழை பெய்தால் காணப்பயறு. 1980-களில் பள்ளிக்கூட லீவு விட்டால் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். குலசை என்றால் இன்று பலருக்கும் தசராதான் நினைவுக்கு வரும், அல்லது ராக்கெட். எனக்கு முதலில் வருவது மூன்று இடங்கள். ரயில் இல்லாத ரயில் மேடு. கூரை இல்லாத பாரி கம்பெனிச் சுவர். உப்பு ஆபீஸ் என்று பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டிய ஒரு இடம். மூன்றுமே எங்களுக்கு விளையாட்டுத் திடல்கள்தான். மூன்றின் வழியாகவும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய போர்களும் எங்கள் ஊருக்குள் வந்துபோயிருக்கின்றன என்பது புத்தகம் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

ரயில் மேட்டில் இருந்து தொடங்குகிறேன். விளைக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் ஒரு வரப்பு மாதிரி நீளமாகப் போகும். அதன்மேல் கருங்கல் ஜல்லி கிடக்கும். தேரியில் கருங்கல்லுக்கு என்ன வேலை என்று கேட்டால், "இங்கன ரயிலு ஓடிச்சுல" என்பார் தாத்தா. நாங்கள் நம்பவில்லை. திருச்செந்தூரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது என்பது எங்களுக்குக் கண்ணால் கண்ட உண்மை. ஆனால் அவர் சொன்னது சரி. பாரி கம்பெனி இந்தக் கரையில் பனங்கருப்பட்டியைக் காய்ச்சிச் சுத்திகரித்துச் சர்க்கரையாக்க ஒரு ஆலை வைத்திருந்தது. கருப்பட்டியை ஊர் ஊராகச் சேகரித்துக் கொண்டுவர, திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே குறுகிய தண்டவாளம் போட்டு ஒரு சின்ன ரயிலையும் விட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி 1940-ல் நின்றுபோனது. ஒரு போரில் பிறந்து அடுத்த போரின் தொடக்கத்தில் செத்தது என்று சொல்லலாம்.

"வண்டி போய்க்கிட்டு இருக்கும்போதே எறங்கி, ஒண்ணுக்குப் போயிட்டு, ஓடிப்போய்த் திரும்ப ஏறிக்கிடலாம்" என்று தாத்தா சொல்வார். குறும்பு செய்தால் ஆச்சி எங்களை "எம்டன்" என்று திட்டுவாள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல் அது. அங்கிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றி மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வந்து, கொழும்புக்கு அருகிலும் மினிக்காய் பக்கமும் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. ஆச்சிக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு எம்டன் என்றால் சொல் பேச்சுக் கேட்காத பையன். ஒரு போர்க்கப்பல் எழுபது வருஷத்துக்குப் பிறகு எங்கள் அடுப்படியில் அந்த அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது.

பனை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பதனீர் இறக்கும் காலம் மாசி, பங்குனியில் சூடுபிடித்து ஆவணியோடு அநேகமாக முடிந்துவிடும். அந்த மாதங்களில் ஒரு பனையேறி தினம் நாற்பது மரம்வரை ஏறுவார். காலையில் கலயத்தை இறக்க ஒருமுறை, பாளையைச் சீவிவிட மாலையில் இன்னொருமுறை. அரிவாள்பெட்டி இடுப்பில், மிருக்குத்தடி கையில். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்பு எங்கள் கரையில் கடல் சிப்பியைச் சுட்டு எடுப்பது. முத்துக்குளித்துறை என்று உலகம் கொண்டாடிய கரை இது. ஆனால் தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களில் 1928-க்குப் பிறகு 1955 வரைக்கும் ஒரு முத்துக்குளிப்பும் நடக்கவில்லை. போர் நடந்த வருஷங்கள் முழுக்க முத்து என்பது பழங்கதை. சிப்பி மட்டும் சூளையில் வெந்து பனை உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இறக்கிய பதனீரைப் பெண்கள் விடிலியில் காய்ச்சுவார்கள். விடிலி என்றால் விளைக்குள்ளேயே பனையோலையால் கட்டிய குடிசை. பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. மரம் ஏறுபவரைப் பற்றிப் பாடவும் எழுதவும் ஆள் இருக்கிறார்கள். விடிலிப் புகையில் கண் எரிய, ஒரு நாள் முழுக்க ஓலையும் மட்டையும் தள்ளிக்கொண்டு நின்ற ஆச்சிகளைப் பற்றி அவ்வளவு இல்லை.

இனி 1942. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. உடன்குடி, திசையன்விளைப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள், கடைகளில் வேலைக்கு நின்றார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். நாலு நாள் கழித்துத் திருகோணமலையில். சென்னையில் இருந்து அரசாங்க அலுவலகங்களே மூட்டை கட்டின. மெட்ராஸ்காரர்கள் கிராமத்துக்கு ஓடிய கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் கரைக்குக் கொழும்பு மெட்ராஸைவிடப் பக்கம். ஆச்சியின் அண்ணன் அங்கே ஒரு மளிகைக் கடையில் நின்றார். குண்டு விழுந்த செய்தி வந்து, ஆள் வந்து சேரும்வரை வீட்டில் உலை வைக்கவில்லை என்பாள். "வந்தாவ. கையில ஒரு தகரப் பெட்டி. உள்ள என்னன்னு பாத்தா மூணு சோப்பு." அந்த மூணு சோப்பைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

குண்டு எங்கள் கரையில் விழவில்லை. ஆனால் போர் வேறு வழியில் வந்தது. ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் எல்லாம் உள்ளே. அதன்பின் என்ன செய்வது என்று சொல்ல ஊரில் யாரும் இல்லாததால், ஒவ்வொரு ஊரும் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. திருச்செந்தூர் வட்டாரத்துக்குத் தெரிந்தது உப்பு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உப்பு அன்று வெறும் சரக்கு அல்ல. அரசாங்கத்தின் வருமானம். அளத்தில் விளைந்த உப்புக்கு வரி கட்டாமல் ஒரு மூட்டையும் வெளியே போகக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி இலாகா, ஒவ்வொரு அளத்திலும் ஆபீஸ், இன்ஸ்பெக்டர், பியூன்கள், காவலுக்குத் துப்பாக்கி. 1931-ல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கடற்கரை ஊர்க்காரர்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை தந்தது. வரி போகவில்லை, அது ஒழிந்தது 1947-ல்தான். கலெக்டரையும் கவர்னரையும் எங்கள் ஊரார் பார்த்ததில்லை. ராணுவம் தூரத்தில். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் குலசையில் எப்படி இருந்தது என்றால், ஒரு உப்பு ஆபீஸாக இருந்தது. அதில் துப்பாக்கியும் இருந்தது.

செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. இளைஞர்கள் ஒரு கூட்டமாக அந்த ஆபீஸுக்குள் புகுந்தார்கள். ஆயுதங்களை எடுத்துக்கொண்டு போவது நோக்கம். அந்த மோதலில் உதவி இன்ஸ்பெக்டராக இருந்த லோன் என்ற வெள்ளைக்காரர் கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்றும் லோன் கொலை வழக்கு என்றும் பெயர் பெற்ற வழக்கு அதில் இருந்து பிறந்தது. காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை. பலருக்கு நீண்ட சிறை. தூக்கு நிறைவேறவில்லை. தண்டனை குறைக்கப்பட்டு, 1946-ல் காங்கிரஸ் அமைச்சரவை வந்த பிறகு அவர்கள் வெளியே வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் லோனை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அவரை "லோன் துரை" என்பார்கள். துரை என்றதும் குதிரையும் சாட்டையும் நினைவுக்கு வரும். ஆனால் பதவியைப் பார்த்தால் அவர் ஒரு உதவி இன்ஸ்பெக்டர். தன் நாட்டில் இருந்து அவ்வளவு தூரம் தள்ளி, மணலும் உப்புமாக இருக்கும் ஒரு கரையில் மூட்டைகளுக்குக் கணக்குப் பார்த்தவர். அவர் அன்று அங்கே நின்றது ஒரு பேரரசின் பேரில் என்பதும் உண்மை, செத்தது ஒரு தனி மனிதன் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் இந்தக் கதையைச் சொல்ல முடியும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. தூக்குமேடை நிழலில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த அந்த இரண்டு இளைஞர்களும் ஒரு பிரியாவிடைப் பாட்டுக்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்ல. அவர்களுக்கும் அம்மா இருந்தாள், விளை இருந்திருக்கும்.

தாத்தாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்டதுண்டு. காலேஜில் சேர்ந்து, புதிதாக வரலாற்று ஆர்வம் வந்த திமிரில் கேட்டது. அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஏழு மரம் போச்சுல" என்றார்.

போலீஸ் லாரி வராமல் இருக்கப் பாதையை மறிப்பது, தந்திக் கம்பியை அறுப்பது என்று அந்த மாதங்களில் நாடு முழுக்க நடந்தது. எங்கள் பாதையில் மறிப்பதற்குப் பாறை கிடையாது, பனைதான் உண்டு. தாத்தாவின் விளையில் பாதையை ஒட்டி நின்ற ஏழு பனைகள் ஒரே ராத்திரியில் வெட்டிப் போடப்பட்டன. வைரம் பாய்ந்த பனையைச் சாய்ப்பது முருங்கையை ஒடிக்கிற வேலை இல்லை. கோடாலி தெறிக்கும். நாலைந்து பேர் மாறி மாறி வெட்டினாலும் ஒரு மரத்துக்கு நேரம் பிடிக்கும். ஏழு மரம் சாய்கிற சத்தம், பக்கத்து விடிலியில் படுத்திருந்தவருக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர் அந்த மாதம் விடிலியில்தான் படுப்பார் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்றும் யோசித்திருக்கிறேன். புரட்டாசியில் பதனீர் கிடையாது. மாசியில் இருந்து ஆவணிவரை ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும் என்பதால் பனையேறிக்கு ஊர்வம்பு பேசக்கூட நேரம் இருக்காது. செப்டம்பரில் இந்தக் கரையின் வாலிபர்கள் எல்லோருக்கும் கை சும்மா இருந்தது. கிளர்ச்சி ஆவணி முடிந்து நடந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. அரசியல் வேறு கணக்கில் நடந்தது. ஆனாலும் ஏப்ரலில் பம்பாய்த் தீர்மானம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளையாட்டாகக் கேட்டுப்பார்ப்பேன்.

பிறகு போலீஸ் வந்தது. வீடுகளில் ஆண்பிள்ளை தங்கவில்லை. தேரிக்குள் ஓடியவர்கள் உண்டு. அந்தச் செம்மணலில் ஒரு ஆள் ஒளிந்துகொண்டால் காற்று அடித்து அடிச்சுவட்டை அழித்துவிடும். மரம் யாருடையது என்று விசாரித்து வந்து, தாத்தாவை மூன்று நாள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மரத்துக்காரன் நீ, வெட்டியவன் யார் என்பது கேள்வி. அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லவில்லை. இடது கை முழுசாக மடங்காது. பனையில் இருந்து விழுந்தேன் என்பார். பனையில் இருந்து விழுந்தவர்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விழுந்த மரத்தைக் காட்டுவார்கள். தாத்தா ஒருநாளும் காட்டியதில்லை.

1972-ல் மத்திய அரசு தியாகிகளுக்குப் பென்சன் என்று அறிவித்தது. 1942-ல் களத்தில் நின்றவர்களில் ஆறுமுகநேரி கே.டி. கோசல்ராம் போல எம்.பி. ஆனவர்கள் உண்டு, தாமிரப் பட்டயம் வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள் உண்டு. அப்பாவும் ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தாராம். சிறைச் சான்றிதழ் வேண்டும், அல்லது கூடச் சிறையில் இருந்தவர் சாட்சி சொல்ல வேண்டும். மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தாத்தா படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கு? மரம் வெட்டுனதுக்கா, வெட்டுக் கொடுத்ததுக்கா?" என்று கேட்டாராம். வெட்டினாரா, வெட்டக் கொடுத்தாரா என்பது அதோடு முடிந்துபோன விஷயம்.

அந்த ஏழு மரத்தின் மூடும் நான் பார்க்கும்போது கரையான் ஏறி மண்ணோடு மண்ணாகி இருந்தன. ஆனால் இடம் தெரியும். வரிசையில் ஒரு இடைவெளி இருக்கும், பல்லு போன வாய் மாதிரி. தாத்தா அங்கே புதிதாகக் கொட்டை ஊன்றவில்லை. பனை காய்த்துப் பாளை விட பதினைந்து இருபது வருஷம் ஆகும். ஊன்றியிருந்தால் நான் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த மரங்கள் பதனீர் கொடுத்திருக்கும். ஏன் ஊன்றவில்லை என்று கேட்கத் தோன்றிய வயதில் அவர் இல்லை.

விளை போனதில் நாடகம் எதுவும் இல்லை. இந்தக் கரையில் எல்லா விளையும் போன மாதிரிதான் போனது. தாத்தாவுக்குப் பிறகு ஏற ஆள் இல்லை. பெரியப்பா மும்பைக்குப் போனார், சித்தப்பா வளைகுடாவுக்கு, அப்பா வாத்தியார் வேலைக்கு. வாரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு பனையேறியும், மதுவிலக்குப் போலீஸின் தொந்தரவில் பதனீருக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் விளக்கி விளக்கிச் சலித்து, பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார். ஏறாத பனை வெறும் தூண். 1990-களில் செங்கல் சூளைக்கு விறகாக மரம் கேட்டு லாரி வரத் தொடங்கியது. பங்காளிகள் கூடிப் பேசி மரத்தை முதலில் விற்றார்கள், பிறகு மண்ணையும். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அன்று இரவு சாப்பிடவில்லை என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அது பற்றிப் பேச்சு இல்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் இருந்து வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் நல்லதுதான், கொஞ்சம் தாமதமாக வந்த நல்லது.

விற்ற நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறியது. ரயில் மேட்டு ஜல்லியை யாரோ வீட்டுக்கு அடித்தளம் போட அள்ளிவிட்டார்கள். பாரி கம்பெனிச் சுவரின் செங்கல்லும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். பஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ல் வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கினான் என்று எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடம் உண்டு. அதற்கு நினைவுக் கோட்டையும் 1974-ல் கட்டியாயிற்று. கோட்டையை நினைவில் வைப்பது சுலபம், அதில் ராஜா இருக்கிறார். சர்க்கரை ஆலைக்கும் உப்பு ஆபீஸுக்கும் ஏழு பனை மூட்டுக்கும் யாரும் வேலி போடுவதில்லை. அவை வேலை நடந்த இடங்கள். வேலை நின்றால் செங்கல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இப்போது அங்கே ராக்கெட் தளம் வருகிறது. படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி, மாதவன்குறிச்சிப் பக்கம் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். குலசையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கடல்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து துருவப் பாதைக்கு ஏவும் ராக்கெட் நேராகத் தெற்கே போக முடியாது. நடுவில் இலங்கை இருக்கிறது. வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையில் இருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரைக்கும் தண்ணீர். கொழும்புக்குப் பக்கமாக இருப்பதால் 1942-ல் பயந்து கிடந்த கரை, இலங்கைக்கு விலகி இருப்பதால் இன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. வரைபடம் ஒன்றுதான்.

போன வருஷம் தசராவுக்குப் போனபோது, தொண்ணூறைத் தொடும் அத்தையிடம் விளையைப் பற்றிக் கேட்டேன். சிறுமியாக இருந்த காலத்தில் தாத்தாவுக்குக் கஞ்சி கொண்டு போனவள். சர்வே நம்பர் அவளுக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் இருந்தது என்றாள். நான் அறியாத செய்தி. பாதையோரத்து ஏழும் அவள் கண்ணால் கண்டவைதான்; அவை விழுந்தபோது அவளுக்கு ஆறு ஏழு வயது. விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். "சாஞ்சான். கெழவி. ரெட்டைப்பாளை. கள்ளன், அது ராத்திரிதான் நல்லா ஊறும். அப்புறம் ஒரு அலகுப்பனை, அதுக்குப் பேரு மாப்பிள்ளை. எய்யா, இன்னும் ரெண்டு என்னன்னு நாளைக்கு வா, நெனச்சுச் சொல்லுதேன்."